சர்க்கரைப் பொங்கலில் ஒரு விரல்தடம்

ஐம்பத்தாறு ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டை மூன்று வார இறுதிகளில் காலி செய்துவிட முடியும். இதனை நான் அனுபவத்தின் வாயிலாகக் கூறுகிறேன். மூன்று நிறங்களில் ஒட்டுத்தாள் வாங்கிக்கொள்ள வேண்டும். பச்சை ஒட்டிய பொருள் புது வீட்டிற்கு வரும். மஞ்சள் ஒட்டியது வேண்டியவர்களுக்குப் போகும். சிவப்பு ஒட்டியது குப்பைக்குப் போகும். கையில் எடுத்த எந்தப் பொருளையும் முகர்ந்து பார்க்கக் கூடாது. முகர்ந்தால் வேலை நகராது.

நளினி அவர்களே, நடந்ததை என் கைப்பட எழுதித் தருமாறு கேட்டீர்கள். முதியோர் நலனைக் கவனிக்கும் உங்கள் அலுவலகத்திற்கு அத்தகைய கடிதம் ஒன்று தேவைப்படும் என்பதை நான் அறிவேன். என் தாயார் இறந்த அன்று அவருடைய எடை இருபத்தொன்பது கிலோ என்று மருத்துவர் குறித்திருந்தார். அதைக் கண்டே நீங்கள் என் வீட்டிற்கு வந்தீர்கள். அந்த எண் சரியானதே. அதற்கான காரணத்தை வரிசையாகச் சொல்லுகிறேன். வரிசையாகச் சொன்னால் எதிலும் ஒரு நியாயம் விளங்கும் என்பது என் நம்பிக்கை.

என் பெயர் யோகேஸ்வரி. வயது ஐம்பத்திரண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தனியார் பல் மருத்துவ நிலையத்தின் முன்பதிவு மேசையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். மெர்கோங்கில் நீங்கள் பார்த்த அந்த மாடி வீடு எனக்குச் சொந்தமானது. என் தந்தையார் பக்கிரிசாமி, தாயார் செல்லாயி ஆகிய இருவரும் சிடாம் கிரியில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்ததைக் கொண்டு வாங்கிய துண்டு நிலத்தில், அப்பாவே நின்று கட்டிய பலகை வீட்டில் வாழ்ந்து வந்தார்கள். கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. சென்ற நவம்பரில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் அவருக்குச் சக்கர நாற்காலிதான். எண்பது வயது அம்மாவால் அவரைத் தூக்கவும் இயலாது, தனியே விடவும் இயலாது. இருவரையும் என்னிடம் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்தது தவறு என்று எவரும் கூறமாட்டார்கள்.

அப்பா உடனே சம்மதித்தார். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "குணா ஒத்துக்கிட்டா வர்றேன்" என்றார்.

குணா என்பது குணசுந்தரி. என் அக்கா. நான் அவளைப் பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு, இரண்டு நாள் காய்ச்சலில், ஏழு வயதில் அவள் இறந்தாள். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து நான் பிறந்தேன். போனவளே திரும்பி வந்திருக்கிறாள் என்று தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் சொன்னார்களாம். அக்காவிற்கு இடது காதின் பின்புறம் ஒரு மச்சம் இருந்தது. பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் அம்மா முதலில் என் காதைத்தான் மடக்கிப் பார்த்தாராம். மச்சம் இல்லை. "இவ வேற யாரோன்னு மருத்துவச்சிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்" என்று அம்மா இதை ஒரு வேடிக்கையாகவே பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கன்னியாக இறந்த பெண் அந்த வீட்டின் சாமியாவாள் என்பது எங்கள் வழக்கம். நடு அறையில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். அதில் அவளுக்கு ஒரு பாவாடை, சட்டை, ஒரு ஜோடி வளையல், சீப்பு, சிவப்பு ரிப்பன். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து, புதுத்துணி வைத்து, படையல் போடுவோம். பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய துணியை அந்த வீட்டிலுள்ள கன்னிப்பெண் உடுத்த வேண்டும். அது அருள் என்று கருதப்படும். எங்கள் வீட்டில் வேறு பெண் இல்லை. ஆகவே என் தீபாவளிப் பாவாடைகள் யாவும் ஓராண்டு முன்பே வாங்கப்பட்டவை. கற்பூரமும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை உடையவை. அம்மா எப்பொழுதும் ஏழு வயதுப் பிள்ளைக்கான அளவையே வாங்குவார். எனக்கு எட்டு வயதானபோது பக்கத் தையலைப் பிரித்துவிட்டார். பத்து வயதில் கீழே ஒட்டுத்துணி வைத்தார். பதினான்கு வயதிற்குப் பிறகு அவற்றை எனக்குத் தலையணை உறையாகத் தைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் நான் அக்காவின் பாவாடையின்மேல்தான் தலை வைத்து உறங்குகிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

படையலைப் பற்றி இங்கு விளக்குவது அவசியம். பெட்டியின் முன்னால் வாழையிலை விரித்து, சர்க்கரைப் பொங்கல், வடை, பால் யாவும் வைத்து, கற்பூரம் காட்டியபின் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவள் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. சிறிது நேரம் கழித்துக் குடும்பத் தலைவர் மூன்று முறை இருமிவிட்டுக் கதவைத் திறப்பார். திடீரென்று திறந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை திடுக்கிடும் அல்லவா. அதுவரை வீட்டில் எவரும் ஒரு பருக்கையும் உண்ணக் கூடாது.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அந்தப் பட்டினி பொறுக்கவில்லை. நடு அறைக்கும் அடுக்களைக்கும் இடையில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. ஒரு கோணிச்சாக்கு அதை மறைத்திருந்தது. அதன் வழியே நுழைந்தேன். பொங்கலில் சுண்டுவிரலை வைத்து ஒரு வாய் எடுத்தேன். இரண்டாவது வாய் எடுப்பதற்குள் அப்பா இருமினார். வந்த வழியே ஓடிவிட்டேன்.

கதவு திறந்ததும் அம்மா இலையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொங்கலின் நடுவே ஒரு சிறிய விரல்தடம். "வந்துட்டாடி. ஒங்கக்கா வந்துட்டாடி" என்று என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதார். அம்மா என்னை அவ்வாறு அணைத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் முறை. அவருடைய கழுத்து வியர்வையும் மஞ்சளும் சேர்ந்த மணம் இப்பொழுதும் எனக்கு வருகிறது. பொருள்களை முகரக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான்.

அடுத்த ஆண்டும் வைத்தேன். அதற்கடுத்த ஆண்டும். வளர்ந்தபின் பலகைச் சந்தில் நுழைய முடியாமல் போயிற்று. ஆனால் இலை பரிமாறிவிட்டுக் கடைசியாக வெளியே வருபவள் நான் என்பதால் சிரமம் இருக்கவில்லை. கதவைச் சாத்துமுன் சுண்டுவிரலின் நுனியை மட்டும் மெல்ல வைத்து எடுப்பேன். முழு விரலையும் வைத்தால் ஏழு வயதிற்குப் பொருந்தாது. இவ்வாறு நாற்பத்தாறு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் அம்மா அழுதார். ஒவ்வோர் ஆண்டும் என்னை ஒரு முறை கட்டிக்கொண்டார். அக்காவை அந்த வீட்டில் உயிரோடு வைத்திருந்தவள் நான்தான் என்பதை இதனால் அறியலாம்.

இனி, வீடு மாறிய விஷயத்திற்கு வருகிறேன்.

அக்காவின் சம்மதத்தை அறிய, பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவும் மற்றொன்றில் சிவப்புப் பூவும் வைத்து நூலால் கட்டி, பெட்டியின் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். கட்டித் தரும் வேலை எனக்கு வந்தது. இரண்டிலும் நந்தியாவட்டையே வைத்துக் கட்டினேன். முதியவர்களின் பாதுகாப்பைப் பூவிடம் விடுவது அறிவுடைமை ஆகாது. அம்மா அப்பாவை எடுக்கச் சொன்னார். அப்பா சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மற்றதை நான் எடுத்துக்கொண்டு போய் அடுக்களை வாளியில் போட்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வார இறுதியில் ஜெயகுமார் தன் லோரியைக் கொண்டுவந்தார். கோலா கெத்திலில் இருந்து வீட்டுச் சாமான் ஏற்றும் தொழில் செய்பவர், நல்லவர், வாய் ஓயாதவர். என் ஒட்டுத்தாள்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் பொண்டாட்டிக்கும் ஒரு செவப்பு ஒட்டி விடுங்கலா, போற வழியில எறக்கிட்டுப் போறேன்" என்றார். நடு அறையின் கதவைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று அப்பா கேட்டபோது, "தாத்தா, பேசாம வீட்டையே மடிச்சுக் குடுங்க, பின்னால போட்டுக்கறேன்" என்று அவர் சொல்ல, அம்மாகூடச் சிரித்தார். கதவு வரவில்லை. என் வீட்டில் கதவுகள் இருக்கின்றன.

பெட்டியை மட்டும் அம்மா எவரிடமும் கொடுக்கவில்லை. தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு என் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வழியில் அவருடைய விரல் பெட்டியின் மூடியில் ஓரிடத்தைத் தடவித் தடவி நின்றது. "இது என்னடி ஈஸ்வரி, பிசுபிசுன்னு இருக்கு" என்றார். முதல் நாள் மாலை நான் அதன்மேல் ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டிப் பார்த்து, பிறகு உரித்துவிட்டிருந்தேன். பசை போகவில்லை. பலாப்பழப் பால் பட்டிருக்கும் என்று சொன்னேன்.

என் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவிற்குக் கட்டில் போட்டேன். படியேற முடியாதவருக்கு அதுவே பொருத்தம். பெட்டியை மேல்மாடிப் பின்னறையில் வைத்தேன். சாமியின் தலைக்கு மேலே எவரும் நடமாடக் கூடாது அல்லவா. அம்மா பெட்டியோடுதான் படுப்பேன் என்றதால் அவரும் மேலே தங்கினார். அறுபத்து மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களை நான் பிரித்து வைத்தேன் என்று பக்கத்து வீட்டுக் கேதரின் உங்களிடம் கூறியிருக்கிறார். வீட்டின் அமைப்பு அப்படி.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, அக்கா கூடவே வந்து சேர்ந்துவிட்டாளா என்று பார்ப்பதற்காக அம்மா படையல் போட்டார். பொங்கலை நான்தான் கிண்டினேன். இலையில் பரிமாறிவிட்டு, கடைசியாக வெளியே வந்தேன். கை கதவின் பிடிமேல் இருந்தது. அப்பொழுது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளும்போது தேவையற்றவற்றை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் நிறம் ஒட்டிய நான் இந்த ஒன்றிற்கு மட்டும் ஒட்டத் தவறிவிட்டேன். இது என் வீடு. இங்கே அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். நான்காவது ஆளுக்கு இடமில்லை.

விரல் வைக்காமல் கதவைச் சாத்தினேன்.

கீழிருந்து அப்பா இருமினார். ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் மூன்று. அம்மா திறந்தார். பொங்கலின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. முந்திரிப்பருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா இலையைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"வரலடி" என்றார். "வழி தெரியல போல. அங்கயே நிக்குது புள்ள."

பழகிக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பிள்ளை சாப்பிடாமல் தாய் எவ்வாறு சாப்பிடுவது என்று கேட்டார். காலையில் ஒரு குவளைக் கறுப்புக் கோப்பி, மாலையில் ஒரு குவளை. நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தேன். மீன் சூப் வைத்தேன். ஒவ்வொரு வேளையும் என்ன கொடுத்தேன் என்பதைச் சுவர் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்; நீங்கள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தீர்கள். கேதரின் கேட்டபோது அம்மா விரதம் இருக்கிறார் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கோயிலுக்கு வேண்டிக்கொண்டு இருக்கும் விரதம் போலும் என்று எண்ணி அவரும் அதன்பின் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் வெள்ளிக்கிழமை மறுபடியும் படையல். மறுபடியும் அப்பா கீழிருந்து இருமினார். மறுபடியும் பொங்கல் வழவழப்பாக இருந்தது.

அடுத்த நாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லுவது என்று தீர்மானித்தேன். உண்மை அவரை விடுவிக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். அவர் காலடியில் அமர்ந்து, இத்தனை ஆண்டுகளாக விரல் வைத்தவள் நான் என்பதையும், பலகைச் சந்து, கோணிச்சாக்கு யாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். என் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன். அம்மா அதைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பல நாள்கள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

"செத்த புள்ள மேல என்னடி பொறாம ஒனக்கு" என்றார். "எம் புள்ள விரல எனக்குத் தெரியாதா? இது ஒன் விரலு."

விரலை என் மடியிலேயே திருப்பி வைத்தார்.

நளினி அவர்களே, நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வருவதில்லை. அன்று பிற்பகல் கடைக்குச் சென்று அப்பாவிற்கு அணையாடை, அம்மாவிற்கு உளுந்து, எனக்குப் பற்பசை ஆகியவற்றை வாங்கி வந்தேன்.

அதற்கு மறுநாள் அம்மா ஒரே ஒரு முறை சிடாம் கிரிக்கு அழைத்துப் போகும்படி கேட்டார். வாசலில் விளக்கேற்றி, பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டால் போதும், கூடவே வந்துவிடுவாள் என்றார். காரில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். வீட்டின் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. அந்த வீட்டை விலைக்கு வாங்கியவர் இரண்டு மாதம் கழித்தே ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம், "வீட்ட இடிச்சுட்டாங்கம்மா" என்றேன்.

அந்த வாரம் முழுதும் கனத்த மழை பெய்துகொண்டிருந்தது. அன்றும் பெய்தது.

"அப்ப எங்கடி நிப்பா?" என்று அம்மா கேட்டார். "இந்த மழையில."

அதன்பின் கோப்பியையும் நிறுத்திவிட்டார். உதட்டை நனைக்கும் அளவு தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்றாம் வெள்ளிக்கிழமை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே படையலை எவ்வாறு வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நானே வைத்தேன், அவரைத் தூக்கி வெளியே நாற்காலியில் அமர்த்தினேன். பொங்கல் பானையைவிட அவர் கனமாகத் தோன்றவில்லை. நான் மீண்டும் உள்ளே சென்று விளக்கைச் சரி செய்தேன். அறையில் நான் மட்டும் இருந்தேன். பொங்கல் முன்னால் இருந்தது. கீழிருந்து அப்பா இருமத் தொடங்கினார். இம்முறை மூன்றோடு நிற்கவில்லை. மூச்சு வாங்கும் வரை இருமினார்.

அந்த ஓசை எனக்கு நன்றாகக் கேட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து திரும்பியபோது சக்கர நாற்காலி படிக்கட்டின் அடியில் காலியாக இருந்தது. அப்பா நான்காவது படியில் குப்புறக் கிடந்தார். முழங்கைகளால் ஊன்றி அத்தனை தூரம் ஏறியிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மேல" என்றார்.

"மேல என்னப்பா?"

"ஒரு சின்ன வேல."

அம்மாவைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, அவரைக் கீழே இறக்கிப் படுக்க வைத்து, முழங்கைக்கு மருந்து போட்டேன். அம்மா உறங்குகிறார் என்று சொன்னேன். அவர் மறுபடியும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் காலணி அலமாரியை இழுத்துப் படிக்கட்டின் குறுக்கே வைத்தேன். நீங்கள் வந்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பாதுகாப்பிற்காக என்று சொன்னேன். யாருடைய பாதுகாப்பு என்று நீங்கள் கேட்கவில்லை.

நான்காம் வெள்ளிக்கிழமை அம்மாவிற்கு நினைவு தெளியவில்லை, படையல் போடவில்லை. அவர் உண்பதை நிறுத்திய இருபத்துமூன்றாம் நாள், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அம்மா காலமானார். கடைசியாக அவர் கண்ணைத் திறந்தபோது நான் அருகில் இருந்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையைத் தூக்கி என் இடது காதை மடக்கினார். விரல் சற்று நேரம் அங்கே தேடியது. பிறகு கை விழுந்துவிட்டது.

கருமாதி முடிந்து வந்தவர்கள் போனபின் அப்பா என்னை அழைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீதான்னு எனக்குத் தெரியும்மா. மொத வருசத்துலேருந்தே தெரியும். சாக்குல பொங்கல் ஒட்டியிருந்துச்சு. நீ ஓடுறதுக்காகத்தான் மூணு தடவ இருமுவேன். ஒரு தடவ இருமினா போதும்தானே சாமிக்கு."

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா அவளுக்கு அம்பது வருசமும் போயிருக்கும். அதான் நானே போயி வச்சிரலாம்னு ஏறினேன். இங்கயும் இருமினேனே. ஒனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சுப்பா" என்றேன்.

"ஒரு வெரலுதானம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார். எடை குறையவில்லை, நீங்களே பார்த்தீர்கள்.

உணவு வழங்கப்பட்டதா என்பது உங்கள் படிவத்தில் உள்ள கேள்வி. வழங்கப்பட்டது. ஆனால் அது சரியான கேள்வி ஆகாது. என் தாயார் உண்பதற்கு வேண்டியிருந்தது என் சுண்டுவிரலின் நுனி. அதை மூன்று வெள்ளிக்கிழமைகளும் நான் தர மறுத்தேன். தராவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டாம் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே செய்தேன். என்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். இன்னும் இரண்டு நாள், இன்னும் ஒரு நாள், பசி வந்தால் கண்ணைத் திருப்பி, எதிரே கஞ்சிக் கிண்ணத்தோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார் என்று காத்திருந்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் கையொப்பம் இடுகிறேன்.

சிடாம் கிரி வீடு சென்ற மாதம் உண்மையாகவே இடிக்கப்பட்டுவிட்டது. மழை பெய்யும்போது என் வீட்டு வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன் என்று கேதரின் உங்களிடம் வியப்போடு சொன்னாராம். காற்றோட்டத்திற்காகத்தான் திறக்கிறேன்.

அம்மாவின் சேலை ஒன்றை மடித்து ஓலைப்பெட்டியில் பாவாடையின்மேல் வைத்திருக்கிறேன். மூடியிலுள்ள பசையைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தேன், முழுதும் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு இலை போடுகிறேன். கதவைத் திறக்கும் வரை நானும் சாப்பிடுவதில்லை. பரிமாறி முடித்ததும் கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டின் உச்சிப் படியில் அமர்ந்திருக்கிறேன். அந்த அறையில் விரல் வைக்க எவரும் இல்லை என்பதை இவ்வுலகில் என்னைவிட உறுதியாக அறிந்தவர் இல்லை. கீழே அப்பா இப்பொழுதெல்லாம் இருமுவதில்லை. ஆகவே நானே மூன்று முறை இருமி, சற்று நேரம் கொடுத்து, பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.